இங்கே சிலோன்காரர், அங்கே இந்தியத் தமிழர்

நேயர்களுக்கு வணக்கம். 'நான் யார்' என்கிற எண்ணம் ஒருவருக்குள் எப்படி உருவாகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். குடும்பம், மொழி, சாதி, சமயம் என்று எத்தனையோ சொல்லலாம். நான் ஒரே ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தாங்கள் யார் என்பதை மற்றவர்கள் முடிவு செய்யும் கொடுமையை அவர்கள் அளவுக்கு அனுபவித்தவர்கள் குறைவு.

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் அவர்களுக்கு 'சிலோன்காரர்' என்று பெயர். அதே குடும்பத்தின் மறுபாதி இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவிலோ அட்டனிலோ இருக்கும். அங்கே அரசாங்கக் கணக்கில் அவர்கள் நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்'. கடலுக்கு இந்தப் பக்கம் அந்த நாட்டுக்காரர், அந்தப் பக்கம் இந்த நாட்டுக்காரர்.

இவர்களுடைய முன்னோர்களைத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கமிருந்து கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குபவர்கள், இலங்கைக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் கோப்பித் தோட்டம், அப்புறம் தேயிலை. 1948-இல் இலங்கை சுதந்திரமடைந்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அப்பாவோ தாத்தாவோ அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவுச் சீட்டு வாங்கி வைத்தார்கள்? பல லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் இதை என்னால் ஆறிய மனதோடு சொல்ல முடியவில்லை.

அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை அங்கேயே என்று வீடுகள் பிரிந்தன. தலைமன்னார் துறைமுகத்துக்குக் கோச்சி, அதாவது ரயில் ஏறி, இராமேஸ்வரம் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். சிலருக்கு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது.

அப்படி வந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இடுப்பில் படங்கை, அந்த முரட்டுத் துணியை, கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நிற்பார். பேச்சு எங்கேயோ இருக்கும், இரண்டு கையும் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டபடியே இருக்கும். முற்றின இலை ஒன்றுகூட விழாது. வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான். "எந்த ஊர்ம்மா?" என்று கேட்டால் புதுக்கோட்டை என்று சொல்லமாட்டார். அங்கே அவர் பிறக்கவுமில்லை, வளரவுமில்லை. தான் பிறந்த தோட்டத்தின் பெயரை, எந்த டிவிஷன், எந்த லயம் என்பது வரைக்கும் சொல்வார். கையில் இருப்பதோ இந்தியக் குடும்ப அட்டை.

காகிதம் ஒருவரை எங்கே வாழலாம், யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கட்டிப்போட்டுவிடும். அந்தப் பலம் அதற்கு உண்டு. ஆனால் அந்த அம்மாவை உருவாக்கியது அந்தக் கைவேலையும், லயத்தில் கூட வளர்ந்தவர்களும், மாசி பங்குனியில் மன்மதன் கதையைச் சொல்லி நடக்கும் காமன் கூத்தும்தான்.

இலங்கையில் இருந்தவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். 'மலையகத் தமிழர்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-இல் குடியுரிமை கிடைத்தது. தங்கள் முன்னோர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கங்காணியின் பின்னால் பாட்டன் பூட்டன் நடந்து, வழியில் செத்து விழுந்த பாதை அது. இந்தமுறை யாரும் ஓட்டிக்கொண்டு போகவில்லை.

இங்கே வந்தவர்களுக்கு அப்படியொரு பெயர் அமையவில்லை. இதைக் கேட்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் 'சிலோன்' என்று கூப்பிட்டால், அதட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் பாட்டியை ஒருநாள் பள்ளிக்கு வரவழைத்து, அவர் கடல் கடந்து வந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.