அம்மாவின் முட்டிவலியும் மரப்பிசினும்

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், வெள்ளிக்கிழமை மாலை. வாசலில் சாம்பிராணிப் புகை.]

குரல்: வணக்கம். "இந்தச் சாம்பிராணியைத்தான் மாத்திரையா போடுறாங்களாம், முட்டிவலிக்கு நல்லதாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னார். இரண்டும் பிசின்தான், ஆனால் மரம் வேறு. நம் ஊரில் கெமெஞான் என்று விற்கும் சாம்பிராணி, சுமத்ராவில் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின். மாத்திரைக்குப் போவது பாஸ்வெல்லியா செராட்டா, ஆயுர்வேதத்தில் சல்லகி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட காடுகளில் வளர்கிறது.

[காட்சி: பால்மரப் பட்டையைச் சீவும் கை.]

குரல்: பிசின் எடுக்கும் விதத்தை ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பட்டையைச் சீவினால் கசியும். ரப்பர் பால் மங்குக் கிண்ணத்தில் வழிகிறது. சல்லகிப் பிசின் மரத்திலேயே ஓரளவு இறுகிவிடும், பிறகு சுரண்டி எடுப்பார்கள்.

அதிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள், வீக்கத்தைத் தூண்டும் லியூகோட்ரையீன் என்ற பொருள்கள் உண்டாவதைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் செறிவூட்டிய சாற்றை தினம் 100 மில்லிகிராம் வீதம் 90 நாள் எடுத்தபோது, வலி 100க்கு 23 என்றார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 40. நல்ல வித்தியாசம்தான். ஆனால் 90 நாளைக் கவனியுங்கள்.

[காட்சி: இரவுச் சந்தை. பெயர் மறைத்த மாத்திரைப் பொட்டலம்.]

குரல்: ஏனென்றால் அம்மா சந்தையில் 35 வெள்ளிக்கு வாங்கிய "மூலிகைப் பிசின்" மாத்திரை மறுநாளே வேலை செய்தது. முப்பது வருஷம் பால்மரம் சீவிய அம்மாவின் முட்டி, கம்பியைப் பிடிக்காமல் படியேறியது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். சில வாரத்தில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. பொட்டலத்தைப் பார்த்த டாக்டர், வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார்.

பிசின் ஒரே இரவில் வலியை எடுக்காது. எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

[காட்சி: மருந்துப் பெட்டியில் பதிவு எண்.]

குரல்: பெட்டியில் 'எம்.ஏ.எல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். பாரம்பரிய மருந்தானால் இலக்கங்களுக்குப் பிறகு 'டி' (T) என்ற எழுத்து. ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் பாருங்கள். எண்ணை என்.பி.ஆர்.ஏ இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம், வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷ வேலை.

சரி, பதிவான சல்லகியே என்றால்? சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். வயிறு கொஞ்சம் புரட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சந்தை மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு இருந்தால், திடீரென்று விடுவதே ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே அரசாங்க கிளினிக்குக் கிளம்புங்கள். பாட்டி தனியாகப் போகத் தயங்கினால், கூடவே போங்கள்.