இல்லத்தில் முதல் ராத்திரி

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் இல்லம் ஒன்றில் பல வருடங்கள் விடுதிக் காப்பாளராக இருந்தவள் நான். கூடப்பிறந்தவர்களாகச் சேர்ந்து வந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார்கள். ஆதரவில்லாத குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழுவில் தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பார்கள். குழு விசாரித்து உத்தரவு போட்ட பிறகுதான் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகளிடம் எத்தனை பேர் "அப்பா எங்கே, அம்மா எங்கே" என்று கேட்டிருப்பார்கள்! அதனால் எங்கள் வாசலில் அந்தக் கேள்வி கிடையாது. "சாப்பிட்டியா கண்ணு?" அவ்வளவுதான்.

ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு. அவளுடைய பாவாடையை அவன் விடவே இல்லை. ராத்திரி தட்டில் மூன்று இட்லி வைத்தோம். ஒன்றைத்தான் தின்றாள். மறுநாள் காலையில் அவள் தலையணைக்கு அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மிச்ச இரண்டு இட்லியும் அங்கே இருந்தன. எங்கள் ஆயாம்மா சத்தம் போட வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அது திருட்டு இல்லையே. நடுராத்திரியில் தம்பி பசிக்குது என்று எழுந்தால் கொடுப்பதற்கு எடுத்து வைத்தது.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளை அதுவரை ஒரு தாயாக இருந்திருக்கிறாள். "இனிமே நாங்க பாத்துக்கறோம், நீ போய் விளையாடு" என்று நல்ல மனதோடுதான் சொல்வோம். தம்பியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் படும். அந்தப் பொறுப்பை அவள் கையிலிருந்து ஒரேயடியாக வாங்கக் கூடாது. அவனுக்குச் சோறு ஊட்டுவதா, அவள் ஊட்டட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர்கள் கொண்டுவந்த அழுக்குப் பையையும் போர்வையையும் அன்றைக்கே துவைக்கப் போடாதீர்கள். வீட்டு வாசனை அதில்தான் மிச்சம் இருக்கிறது. தலையில் பேன் இருந்தாலும் முடி வெட்டுவது ஒரு வாரம் கழித்து ஆகட்டும்.

அப்புறம், பிரிப்பது. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் ஆண், பெண் பிள்ளைகளை ஒரே இல்லத்தில் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஐந்து வயதிலிருந்து படுக்கும் இடமும் குளிக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஆனால் வேறு வேறு இல்லம். ஒருமுறை பதினொரு வயது அண்ணனை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். எங்களிடம் விட்ட இரண்டு தங்கைகளுக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட் திறக்கும்போதெல்லாம் சின்னவள் ஓடிவந்து பார்ப்பாள். இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரே ஊரில் வையுங்கள். எந்தக் கிழமை போன், எந்தக் கிழமை நேரில் என்று சொல்லி, அதைத் தவறாமல் நடத்துங்கள்.

இல்லம் என்பது கடைசி வழிதான், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாட்டியோ சித்தியோ வளர்க்க மனம் இருந்தும் வசதி இல்லாமல் இருந்தால், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தர மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேளுங்கள். தெருவில் தனியாகத் தவிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை.

சரி, அந்த அக்கா கதையை முடிக்கிறேன். அவளுக்கு மூடி போட்ட ஒரு டப்பா கொடுத்து, தினமும் ராத்திரி நாலு பிஸ்கட் போட்டு அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னோம். முதலில் அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். சில வாரம் கழித்து ஒருநாள் பிஸ்கட் போட டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஐந்து கூழாங்கல். அஞ்சாங்கல் ஆடப் பொறுக்கி வைத்திருந்தாள்.

வணக்கம்.