தொண்ணூறுக்குள் நூறு

(மயிலாடுதுறையில் நடந்த நூலக விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். முன்வரிசைப் பிள்ளைகளிடம் முதலில் ஒரு கேள்வி. எழுபதில் ஏழும் பத்தும் இருக்கின்றன, எண்பதில் எட்டும் பத்தும் இருக்கின்றன. தொண்ணூறில் மட்டும் நூறு ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது?

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் தரங்கம்பாடிக்குப் போய்வந்துவிடலாம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் அங்கே இறங்கினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் கட்டிய கோட்டையை நாமெல்லாம் சுற்றிப் பார்த்திருக்கிறோம். அவர்கள் எப்படி எண்ணினார்கள் என்று பார்த்தவர் குறைவு. டேனிஷில் ஐம்பதுக்கு ‘ஹல்த்ரெஸ்’ என்று பெயர். அதன் பழைய நீண்ட வடிவத்தைப் பிரித்தால் ‘அரை மூன்றாவது, இருபது தடவை’ என்று வரும். அரை மூன்றாவது என்றால் ஒன்றரை என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முழுதாக முடிந்து மூன்றாவதில் பாதி, அதாவது நம் இரண்டரை. இரண்டரை இருபது ஐம்பது. தொண்ணூறு என்பது ‘அரை ஐந்தாவது இருபது’, நாலரை இருபது. கடிகாரத்திலும் இதே புத்திதான்: மணி இரண்டரை ஆனால் ‘அரை மூன்று’ என்பார்கள். நம் ஊர்க்காரரை அப்படிச் சொல்லி வரவழைத்தால் மூன்றரைக்கு வந்து நிற்பார்!

அங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் எனக்கு அங்கே இருந்தார். கொல்லையில் மாங்காயைக் குவித்துப் பிரெஞ்சிலேயே எண்ணுவார். எண்பது ‘கத்ர் வேன்’, நான்கு இருபது. தொண்ணூற்றேழு வந்தால் எனக்காக விரல் மடக்கித் தமிழில் பிரித்துக் காட்டுவார்: “நான்கு இருபது, பத்து, ஏழு.” எனக்கு மூச்சு வாங்கும். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் இருக்கிறது, அவர்கள் பிழைத்தார்கள். இன்னும் தெற்கே, நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரர்களோ இருபத்துநான்கை ‘நான்கும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்பவர்கள்.

இருபதைக் கண்டு நாம் சிரிக்கவும் முடியாது. நம் நில அளவில் 20 மா ஒரு வேலி. பழந்தமிழ்க் கணக்கில் மா என்றாலே இருபதில் ஒரு பங்கு. அந்தப் பின்னமே வயலுக்கும் அளவானது. ‘எனக்கு மூன்று மா நிலம்’ என்று இந்த மாவட்டத்துக்காரர் சொல்லும்போது, ஒரு வேலியை இருபதாகப் பங்கிட்டுத்தான் பேசுகிறார்.

இப்போது தொண்ணூறு. டேனிஷ்காரர் மூன்றாவதை எட்டிப் பார்ப்பதைப்போல நாம் நூறை எட்டிப் பார்க்கிறோம். பரிபாடலில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று பெயர். தொண்ணூறின் தலைப்பகுதி அதன் உறவு. ஒன்பது என்ற சொல்லையே ‘பத்துக்கு ஒன்று குறை’ என்று விளக்குவதும் உண்டு. கன்னடத்தில் தொண்ணூறு ‘தொம்பத்து’. அவர்கள் பத்தோடு நின்றுவிட்டார்கள், நாம்தான் ஒரு படி மேலே ஏறினோம்.

போன தீபாவளிக்குக் கும்பகோணத்தில் ஒரு புடவையில் 999 என்று சீட்டுத் தொங்கியது. ஆயிரம் கண்ணில் படக் கூடாது என்றுதான் கடைக்காரர் ஒரு ரூபாய் குறைத்திருக்கிறார். என் மனைவி அதை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்: “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.” முதல் சொல்லிலேயே ஆயிரம் வந்துவிட்டது.