தேனீ காலில் மூட்டை கட்டும் விதம்

வணக்கம் நண்பர்களே! திரையில் ஓடுகிற காட்சியைப் பாருங்கள். பூவுக்கு மேலே ஒரு தேனீ அந்தரத்தில் நிற்கிறது. உட்காரவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை. கால்களை மட்டும் பரபரவென்று தேய்க்கிறது. உடம்பைத் துடைத்துக்கொள்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது மூட்டை கட்டுகிறது!

தேனீயின் உடம்பு ரோமங்களில் பெரும்பாலானவை இறகு போலக் கிளை பிரிந்திருக்கும். பறக்கும்போது உடம்பில் நேர்மின்னூட்டமும் ஏறும். அதனால் பூவை நெருங்கினாலே மகரந்தத் தூள் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணில்கூட ரோமம் உண்டு.

சரி, உடம்பில் ஒட்டிய தூள் காலுக்கு எப்படிப் போகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். முன்னங்கால்கள் தலையை வழித்து, வாயிலிருந்து வரும் பூந்தேனில் தூளை ஈரமாக்கி நடுக்கால்களுக்குத் தரும். நடுக்கால்கள் அதைப் பின்னங்கால்களின் உட்பக்கத்தில் தேய்க்கும். அங்கே வரிவரியாகச் சீப்பு மாதிரி முடிகள். இப்போது இரண்டு பின்னங்கால்களும் உரசுவதைக் கவனியுங்கள். வலது கால் சீப்பில் இருப்பதை இடது கால் வழித்தெடுக்கும். இடதில் இருப்பதை வலது. வழித்த தூள் மூட்டு இடுக்கில் விழும். காலை மடக்கி நீட்டும்போது அந்த மூட்டு தூளை நெருக்கி, வெளிப்பக்கக் குழிக்குள் கீழிருந்து மேலாக ஏற்றிவிடும். அந்தக் குழிதான் மகரந்தக் கூடை. ஓரத்தில் வேலி போல வளைந்த முடிகள், நடுவில் உருண்டையை நழுவாமல் பிடிக்க ஒற்றை நீள முடி. வேலைக்காரத் தேனீக்கு மட்டும்தான் இந்தக் கூடை. ராணிக்கும் ஆணுக்கும் கிடையாது.

நாக்கும் லேசுப்பட்டதல்ல. ரோமம் அடர்ந்த நாக்கைச் சுற்றி மற்ற வாயுறுப்புகள் உறை மாதிரி சேரும்போதுதான் அது உறிஞ்சு குழலாகிறது. குடித்து முடித்ததும் தலைக்கு அடியில் மடித்துக்கொள்ளும். குடித்த பூந்தேன் போவது தேன்பைக்கு. அதற்கும் செரிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. தேனீ தன் தேவைக்குக் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டு, மற்றதைக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

அப்புறம், இந்தக் காட்சி கூட்டுக்குள் எடுத்தது. பின்னங்கால்களை ஓர் அறைக்குள் விட்டு, நடுக்கால்களால் நெம்பி இரண்டு உருண்டைகளையும் கழற்றிப் போடுகிறது. போட்டதும் நகர்ந்துவிடுகிறது. பின்னாலேயே இன்னொரு தேனீ வந்து, தலையால் முட்டி முட்டி அந்த மகரந்தத்தை அறைக்குள் அழுத்தி வைக்கிறது.