எடைக்குப் போட்ட திரைப்படங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய திரைப்பட டிவிடிகளை விற்றுத் தீர்ப்பது விவேகமா, இழப்பா?" என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இழப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், டிவிடிகள் அலமாரியை அடைக்கின்றன, அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவியே பல வீடுகளில் இல்லை, எல்லாப் படமும் இணையத்தில் கிடைக்கிறது என்று அடுக்கிவிட்டு, "பயன்படாத பொருள் வீட்டில் எதற்கு?" என்று கேட்டு அமர்ந்தார். அது நியாயமான கேள்விதான். ஆனால் விற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் நேரில் பார்த்திருந்தால், அதை இவ்வளவு எளிதாகக் கேட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு, நான் கல்லூரிக் காலத்திலிருந்து உறுப்பினராக இருந்த வாடகை சிடி கடை மூடப்பட்டது. எந்த டிவிடியானாலும் 30 ரூபாய் என்று கடைக்காரர் ஒரு வாரத்துக்கு முன்பே அட்டையில் எழுதி வாசலில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அது 20 ரூபாயாக இறங்கியது; ஞாயிறு காலையில் 100 ரூபாய்க்கு ஏழு என்றார். அன்று மாலை நான் போனபோது பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்து உட்கார்ந்திருந்தார். உறைப்பெட்டிகளைப் பிரித்து, பெட்டியை ஒரு சாக்கிலும், படம் அச்சிட்ட தாளை இன்னொரு சாக்கிலும் திணித்துக்கொண்டு, வட்டுகளை மட்டும் தரையில் குவித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை. யார் நடித்த படம், யார் இயக்கிய படம் என்பதெல்லாம் அந்தத் தராசுக்குத் தேவைப்படவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வட்டுகளைத் துடைத்துத் துடைத்து வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர், அந்தப் பக்கமே திரும்பாமல் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குவியலிலிருந்து என்னால் முடிந்த வரை நாற்பது வட்டுகளைப் பெட்டியோடு மீட்டு வந்தேன். அவற்றில் ஒன்றின் உட்புறத்தில், திருப்பித் தரவேண்டிய தேதிகள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் ஒரு வரி: "3ஆம் பாட்டில் நிற்கும்." அடுத்து எடுத்துப் போகிறவர் ஏமாறக்கூடாதே என்று, முகம் தெரியாத யாரோ ஒருவர் சொல்ல, கடைக்காரர் எழுதி வைத்த வரி அது. வீட்டில் போட்டுப் பார்த்தேன். சொன்னபடியே மூன்றாம் பாட்டில் நின்றது. வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பெரிய கீறல் ஒன்றும் இல்லை; எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு விரல் ரேகைதான் படிந்திருந்தது. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைத்தேன். பாட்டு முழுதும் ஓடியது.

ஏன் அப்படித் துடைக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கீறல் விழுந்த குப்பை" என்ற சொல் இந்த மேடையில் இரண்டு முறை வந்துவிட்டது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த வட்டு. படம் பதிந்திருக்கும் அடுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே பத்திரமாக இருக்கிறது. சிடியில் அந்த அடுக்கு மேல்பூச்சுக்குச் சற்றே அடியில் இருப்பதால் மேற்புறம் சுரண்டினாலே போய்விடும், டிவிடி அப்படியல்ல. நடுவிலிருந்து வெளியே போகும் கீறலைக் கருவி பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைக்கும்போது கீறல் விழுந்தாலும் அது வட்டமாக விழக்கூடாது என்பதற்காகத்தான் நேர்கோடாகத் துடைப்பது. கடையில் தூக்கிப் போட்டவற்றில் எத்தனை வட்டுகள் வெறும் விரல் ரேகைக்காகத் தராசில் ஏறினவோ என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

நடுவர் அவர்களே, படங்களை எடைக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. பழைய திரைப்படச் சுருள்களில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தால் இனி என்ன பயன் என்று கருதி, அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே சுருள்களை விற்றவர்கள் இருந்தார்கள். எஞ்சியவற்றில் பல கவனிப்பாரின்றி மக்கின. 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீயில், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகைப் பழைய சுருள்கள் பெருமளவில் எரிந்துபோயின. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படமான கீசக வதம் இன்று நம்மிடம் இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸும் இல்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பாடினார், எப்படி ஆடினார் என்பதைப் பார்க்க நமக்கு ஒரு வழியும் இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் போனவை போய்விட்டன.

"அவை மூலப் பிரதிகள், டிவிடி வெறும் நகல்தானே" என்று எதிரணி நண்பர் குறிப்பெடுக்கிறார். ஐயா, ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே தீயில் போகும். ஆயிரம் வீடுகளில் இருக்கும் நகல் அப்படிப் போகாது. வட்டுகள் தயாரித்து விற்ற மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, பழைய தமிழ்ப் படங்கள் மளிகைச் சாமானோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தன. மின்கட்டணம் கட்டிவிட்டு மீந்த சில்லறையில் ஒரு படத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்த காலம் அது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. இப்போது வீட்டில் இருக்கும் வட்டைத் தூக்கிப் போட்டால், அதே விலைக்கு மறுபடி அச்சிட்டுத் தர யாரும் காத்திருக்கவில்லை.

அந்த டிவிடிகள் எல்லாமே சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரே வட்டில் மூன்று படங்களைத் திணித்து முகங்களை மங்கலாக்கியதும் உண்டு, திரையின் மூலையில் முத்திரை குத்திக் கண்ணை உறுத்தியதும் உண்டு. திருட்டு டிவிடிக்காகவும் நான் பேசவில்லை. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்த அந்தத் தொழிலுக்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. காசு கொடுத்து முறையாக வாங்கிய வட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இனி, எதிரணி பெரிதாக நம்பியிருக்கும் இணையத்துக்கு வருகிறேன். எல்லாப் படமும் அங்கே இருக்கிறது என்பது உண்மையானால், சென்ற மாதம் பார்த்த படத்தை இந்த மாதம் தேடினால் காணாமல் போவது ஏன்? உரிமை ஒப்பந்தம் முடிந்தால் படம் இறங்கிவிடும். நம்மிடம் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. "வாங்கு" என்ற பொத்தானை அழுத்திப் பணம் கட்டினாலும் கிடைப்பது பெரும்பாலும் பார்க்கும் அனுமதிதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 முதல் நடப்பிலிருக்கும் ஒரு சட்டம், இது உரிமை அல்ல, அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று விற்பவர்களுக்குக் கட்டளையிடுகிறது. சட்டம் போட்டுச் சொல்லவைக்கும் அளவுக்கு அந்தச் சொல் மக்களை ஏமாற்றியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களையும் சற்று உற்றுப் பாருங்கள். அகலம் 4, உயரம் 3 என்ற சட்டகத்தில் எடுத்தவற்றை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி, ஆடுகிறவரின் பாதத்தையே காணாமல் செய்திருப்பார்கள்.

டிவிடியை அஞ்சலில் அனுப்பித்தான் நெட்ஃபிளிக்ஸே தொழிலைத் தொடங்கியது, 1998இல். 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி வட்டுகளை அனுப்பிவிட்டு, கையில் இருப்பதைத் திருப்பித் தரவேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டது. அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. படங்கள் பார்க்கிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அதனால்தான் விற்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. பார்க்க ஆசைப்படுகிறவருக்கு 30 ரூபாய்க்கோ இலவசமாகவோ கொடுத்தால் அது கைமாறுகிறது, அவ்வளவுதான். தலைப்பில் இருப்பது விற்றுத் தீர்ப்பது. தீர்ப்பது என்றால் தராசு. கருவி இல்லை என்றார்கள். கணினியில் செருகும் சிறிய டிவிடி டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒரு கருவி இருந்தாலும் பத்து வீட்டுக்குப் போதும்.

நடுவர் அவர்களே, மூன்றாம் பாட்டில் நிற்கும் என்று எழுதியிருந்த அந்த வட்டை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு எப்படி அமைந்தாலும் இதை உங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் போதும். அடுத்து என் சித்தி கேட்டு வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.