ஈ.சி.ஆரில் ஒரு அஸ்தமனம்

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். பந்தலுக்கு வெளியே பைக் மேலேயே உட்கார்ந்து கேட்கும் தம்பிகளுக்கு மட்டும் ரெண்டு வணக்கம். தலைப்பே உங்களுக்காகத்தான்.

'நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே எடுக்கும் போட்டோ ஷூட் அவசியமா, ஆடம்பரமா?' அவசியம் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். எதிரணியில் முதலில் பேசிய அம்மா செலவுக் கணக்கு வாசித்தார்கள். கேமராவுக்கு எவ்வளவு, மேக்கப்புக்கு எவ்வளவு, ட்ரோனுக்கு எவ்வளவு. சரி, செலவுதான். இல்லை என்று நான் சொன்னால் என் தங்கையே எழுந்து வந்து மைக்கைப் பிடுங்குவாள். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். போன தை மாதம் அவள் மகனுக்கு ஷூட் நடந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், தலைப்பு அதிலேயே வந்துவிடும்.

பையனுக்குத் தாம்பரத்தில் ஜாகை, கம்ப்யூட்டர் வேலை. நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் பெண்ணுக்கு போன் போட்டு, "எல்லாம் பிளான் பண்ணிட்டேன், நீ வந்து நின்னா போதும்" என்றான். எக்செல் ஷீட் போட்டிருக்கிறான் அய்யா! இடம், மாமல்லபுரம். நேரம், மாலை 5 மணி முதல் 6.30 வரை. கடைசிக் கட்டத்தில் மஞ்சள் வண்ணம் அடித்து ஒரு காட்சி: 'கடலுக்குள் சூரியன் மறைகிறது. நாங்கள் இருவரும் கைகோத்து அதை நோக்கி நடக்கிறோம்.'

முன் வரிசையில் ஒரு பெரியவர் இப்போதே சிரிக்கிறார். பொறுங்கள் அய்யா, நான் இன்னும் அங்கே வரவில்லை.

ஷீட்டைத் தங்கை பார்த்தாள், கண் கலங்கினாள். மச்சான் பார்த்தார், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். அட்வான்ஸ் வாங்கிய போட்டோகிராபர் பார்த்து "சூப்பர் சார்" என்றார். நானும் பார்த்தேன். நான் தமிழ் வாத்தியார். பூகோளம் பக்கத்து வகுப்பு. இத்தனை பேர் பார்த்த பிறகு அந்தப் பெண் பார்த்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டது. "நாம ஈ.சி.ஆர். வழியாத்தானே போறோம்? அதுல முதல்ல ஒரு ஈ இருக்கே, அதுக்கு என்னங்க அர்த்தம்?"

பையன் யோசிக்கிறான். அதற்குள் என் தங்கை, "கடற்கரைன்னா ஈ இருக்கத்தான் செய்யும், மீன் காயப்போடுவாங்கல்ல" என்கிறாள்.

பையன் மெதுவாக, "ஈஸ்ட்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

கிழக்கு அய்யா, கிழக்கு! பேரிலேயே கிழக்கை வைத்துக்கொண்டிருக்கிற சாலையில் போய், கடலுக்குள் சூரியனை இறக்கப் பார்த்திருக்கிறான். அங்கே சூரியன் கடலிலிருந்து ஏறும். இறங்குவது ஊர்ப் பக்கம். இவர்கள் மட்டும் அஸ்தமனத்தை நோக்கிக் கைகோத்து நடந்திருந்தால் நேரே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றிருப்பார்கள். கண்டக்டர் "தாம்பரம் ரெண்டா?" என்று கேட்டிருப்பார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேன். வேண்டாமா? நடுவர் மணி மேல் கை வைக்கிறார், மேலே போகிறேன்.

"கடல்ல சூரியன் மறையணும்னா கன்னியாகுமரி போகணும். இல்லைன்னா காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்" என்றது பெண். கன்னியாகுமரி சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர். மச்சான் கூட்டுத்தொகையை இன்னொரு தடவை பார்த்தார். காலை என்று முடிவானது. தை மாதத்தில் சூரியன் வருவது ஆறரையை ஒட்டி. வெளிச்சம் பூப்போல இருப்பது அதற்கப்புறம் ஒரு மணி நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்து மாப்பிள்ளை மாமனார் மாதிரி தெரிவார். மேக்கப்புக்கு ரெண்டு மணி நேரம், பயணம் ஒரு மணி நேரம். அப்படியானால் பெண் எப்போது எழுந்திருக்க வேண்டும்? இரவு ரெண்டரைக்கு! எட்டு மணிக்கு முன்னால் சூரியனைப் பார்த்தே இராத பையன் அன்றைக்குத் தூங்கவே இல்லை. கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் கேமரா முக்காலி வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்று விசாரித்ததும் அந்தப் பெண்தான். அதனால் கோயிலை விட்டுத் தள்ளி மணலிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் என்ன அவசியம் என்கிறீர்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபம் யார் முடிவு? அப்பா. முகூர்த்தம்? ஜோசியர். புடவை? அத்தையும் சித்தியும் கடையில் போட்ட சண்டையின் முடிவு. பந்தியில் அப்பளம் பொரித்ததா, சுட்டதா என்பது வரை பெரியவர்கள்தான். வாழப்போகிற ரெண்டு பேர் தாங்களாகச் சேர்ந்து உட்கார்ந்து, சண்டை போட்டு, சமாதானமாகி முடிவு பண்ணுகிற ஒரே விஷயம் இந்த ஷூட். தனக்குத் திசை தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று ஒருத்தன் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது சின்ன லாபமா? எனக்குப் பதினொரு வருஷம் ஆனது.

இப்போது எதிரணிப் பேராசிரியரிடம் வருகிறேன். கைத்தட்டல் எல்லாம் அவருக்குத்தானே விழுந்தது! என்ன சொன்னார்? "கையைப் பிடிங்க என்று சொல்ல ஒரு ஆள், தோளில் சாயுங்க என்று சொல்ல ஒரு ஆள். தானாக வராத அன்பை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள்" என்றார். நாள் வாடகை! நானே கைதட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன்.

அய்யா, மாமல்லபுரத்தில் நானும் போய் நின்றேன். நம் பையன் ஆதார் அட்டைக்கு நிற்பது போல நிற்கிறான். போட்டோகிராபர், "சார், கேமராவைப் பார்க்காதீங்க, மேடத்தைப் பாருங்க" என்கிறார். இவன் மேடத்தின் காதைப் பார்க்கிறான். "மேடம், சார் தோள்ல கை வைங்க." அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் கடலைப் பார்த்தேன். கை தோளில் இருந்ததா, சட்டையில் இருந்ததா என்று தெரியாத அளவுக்கு ஒரு கை. பேராசிரியர் சொன்னது சரிதான், அது தானாக வரவில்லை. ஒரு ஆள் சொல்லித்தான் வந்தது.

ஆனால் அந்த ஆள் புதுசில்லை.

எங்கள் அப்பா அம்மாவுக்கு 1974-இல் கல்யாணம். மூன்றாம் நாள் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னால் அரண்மனை வரைந்த படுதா, முக்காலியில் பிளாஸ்டிக் பூ. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா பக்கத்தில் நிற்கிறார். ஒரே படம். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து படமே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து நாங்கள் பிறந்தோம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டினார்கள்.

2009-இல் அப்பா போனார். மாலை போட ஒரு படம் வேண்டும். வாக்காளர் அட்டைப் படம் இருந்தது; அதில் அப்பாவே அப்பா மாதிரி இல்லை. கல்யாணப் படத்தைக் கொண்டுபோய் அப்பாவை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னோம். கம்ப்யூட்டரில் ஸ்டூடியோப் பையன் அம்மாவை வெட்டினான். வெட்டியும் இடது தோளில் நாலு விரல் நின்றது. அம்மாவின் விரல்கள். "அண்ணே, இது நல்லாயில்லை, அழிச்சிடட்டுமா?" என்றான்.

வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது பாட்டுக்கு இருக்கட்டும்டா" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா அந்த நாலு விரலோடுதான் இருக்கிறார்.

போன மாதம் மாமல்லபுரம் படங்களை செல்போனில் கொண்டுவந்து அந்தப் பெண் எங்கள் அம்மாவுக்குக் காட்டியது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பெண் ரெண்டு விரலால் படத்தை விரித்து விரித்துக் காட்டுகிறது. கடல், சூரியன், பட்டுப்புடவை எதையும் அம்மா கேட்கவில்லை. தோளில் இருந்த கையில் போய் நின்றுவிட்டார்.

"யாருடி வைக்கச் சொன்னா?"

"போட்டோகிராபர்தான் பாட்டி" என்று அந்தப் பெண் வெட்கப்பட்டது.

அம்மா கூடத்துச் சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் போட்டோக்காரர்தான்டி சொன்னாரு."

வணக்கம்.