43 நிமிடம்

வணக்கம் நேயர்களே. நிலையத்துக்கு வரும்போது கையோடு ஒரு கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை குலுக்குகிறேன், கேளுங்கள். லொடலொடவென்று கேட்கிறதல்லவா? டிடிகே (TDK) நிறுவனத்தின் வெற்று கேசட், 90 நிமிடம். 1984-ல் சென்னை பர்மா பஜாரில் வாங்கியது. அட்டையில் நீல மையில் நானே எழுதியிருக்கிறேன்: ஏ பக்கம், தி டார்க் சைட் ஆஃப் தி மூன். பி பக்கம், விஷ் யூ வேர் ஹியர். இரண்டும் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ஆல்பங்கள். முதலாவது 1973-ல் வந்தது, இரண்டாவது 1975-ல்.

அப்போது நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் ஊரில் நிறைய இருந்த காலம். வெற்று கேசட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிவாகிவிடும். நாங்கள் போகும் கடையில் சுவர் முழுக்க இளையராஜா இசைத்தட்டுகள். மேல்தட்டில் மட்டும் பத்துப் பதினைந்து ஆங்கிலத் தட்டுகள். அதில் ஒன்றின் கறுப்பு அட்டையில் ஒரு முக்கோணக் கண்ணாடி, அதற்குள் வெள்ளை ஒளி நுழைந்து நிறங்களாகப் பிரிகிற படம். நிறம் ஏழு என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில் எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் இருந்தது. கருநீலத்தை விட்டிருக்கிறார்கள்.

எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுத உட்கார்ந்தபோது கூட வந்த சீனியர் அண்ணன் ஒருவர் தடுத்தார். "பாட்டுப் பாட்டா எடுக்காதே தம்பி. தட்டை முழுசா எடு. இதுல பாட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது" என்றார். நாற்பது வருட ரசிகனாக நான் இருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். டார்க் சைட் ஏறக்குறைய 43 நிமிடம். விஷ் யூ வேர் ஹியர் 44 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஆல்பமும் இரண்டு பக்கத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி அடங்கிவிடும். இசைத்தட்டு வைத்திருந்தவர்கள் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. கேசட்டில் கேட்ட எங்களுக்கு அது ஒரே ஓட்டம்.

அந்த ஓட்டம் ஓர் இதயத்துடிப்பில் தொடங்குகிறது. பிறகு கடிகாரங்கள், சிரிப்பு, காசு குலுங்கும் சத்தம், மனிதர்கள் பேசும் குரல்கள். அந்தக் கடிகாரங்களை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கொண்டுவந்தார். காசுச் சத்தத்துக்கு, குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டம் செய்யப் பயன்படுத்திய பெரிய கலவைக் கிண்ணத்தில் நாணயங்களை எறிந்து பதிவு செய்தார். நாணயம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி என்று ஒவ்வொரு சத்தத்தையும் நாடாவாக வெட்டி, அடிக்கோலால் அளந்து ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். கணினி இல்லை. கத்தரி, அடிக்கோல், ஒட்டும் நாடா, அவ்வளவுதான். அந்தத் தாளத்தில்தான் காசைப் பற்றிய அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர நடையில் ஊறிய நம் காதுக்கு அது அந்நியமாகவே தெரிவதில்லை. விடுதி மேசையில் நாங்கள் தட்டிக்கொண்டே கேட்போம்.

குரல்கள் வந்த கதை இன்னும் அழகு. வாட்டர்ஸ் சில அட்டைகளில் கேள்விகளை எழுதிவைத்தார். கடைசியாக எப்போது கைநீட்டினீர்கள், அப்போது நியாயம் உங்கள் பக்கம் இருந்ததா, சாகப் பயமா என்பது போன்ற கேள்விகள். லண்டன் ஆபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அங்கே இங்கே இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொன்னார். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். அவர் பதிலை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூடத்தின் வாசல் காவலராக இருந்த ஜெர்ரி ஓட்ரிஸ்கால் சொன்னதைத்தான் ஆல்பத்தின் கடைசி வார்த்தையாக வைத்தார்கள்.

என் கேசட்டில் ஒரு விசேஷம் உண்டு. கடைக்காரர் இசைத்தட்டிலிருந்துதான் பதிவு செய்தார். முதல் பக்கம் முடிந்ததும் ரெக்கார்டரில் பாஸ் பட்டனை அழுத்தி, தட்டைத் திருப்பிப் போட்டு, முள்ளை வைத்து, பட்டனை விடுவித்திருக்கிறார். அதனால் சரியாக நடுவில், ஒரு பெண்குரல் அடங்கி காசுச் சத்தம் தொடங்குவதற்கு முன்னால், 'டிக்' என்று ஒரு ஒலி இருக்கும். அதையும் பிங்க் ஃபிளாய்ட் வைத்ததென்றே பத்து வருடம் நம்பினேன். பிற்பாடு சிடி வாங்கிக் கேட்டபோது அந்த இடத்தில் டிக் இல்லை. யாரோ நம் வீட்டுப் படியில் ஒன்றை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்றைக்கும் எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது அந்தக் கடைக்காரரின் விரலுக்காகக் காத்திருக்கிறது.

அந்தப் பெண்குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளேர் டோரி என்ற பாடகி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வரவழைத்து, வார்த்தை வேண்டாம், இது மரணத்தைப் பற்றியது, பாடுங்கள் என்றார்கள். இரண்டு மூன்று முறை பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தன் குரலைப் பயன்படுத்துவார்கள் என்றே அவர் நினைக்கவில்லை. 2004-ல் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு சமரசமாகி, இன்று அந்தப் பாட்டின் இசையமைப்பில் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. வரவேண்டிய பெயர் முப்பது வருடம் கழித்தாவது வந்தது. லால்குடி பக்கம் எங்கள் ஊரில் அப்பாயி இறந்தபோது பெண்கள் பாடிய ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவன் நான். வார்த்தைகள் எல்லாம் தீர்ந்த பிறகு வருமே ஓர் இழுப்பு, அதை அந்த ஆங்கிலப் பெண்ணிடம் கேட்டபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, பி பக்கத்துக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜ்காரர் சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். போதைப்பழக்கமும் மனநோயும் சேர்ந்துகொள்ள 1968-லேயே விலகவேண்டிவந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய நண்பர் டேவிட் கில்மோர். 1975 ஜூன் 5, ஆபே ரோட்டில், இந்த ஆல்பத்தில் சிட்டைப் பற்றி வரும் நீண்ட பாட்டின் ஒலிக்கலவை வேலை நடக்கும்போது, தலையையும் புருவத்தையும் மழித்த, பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் என்று தெரிந்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். இதை நான் படித்தது கேசட் வாங்கி நாலைந்து வருடம் கழித்து, ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில். அன்றிரவு பி பக்கத்தைத் திரும்பக் கேட்டேன். அதே நாடாதான். ஆனால் அதற்குள் வேறு ஆள் இருந்தார்.

எங்களுக்குச் செய்தியெல்லாம் அப்படித் தாமதமாகத்தான் வரும். நாங்கள் உயிராகக் கேட்டுக்கொண்டிருந்த 1984-ல் அந்தக் குழு ஏறக்குறைய இல்லை. 1979-ல் வந்த தி வால் ஆல்பத்தின் போதே ரைட்டை வெளியே தள்ளியிருந்தார்கள். அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். செலவு மிஞ்சிப்போய் மற்ற மூவருக்கும் நட்டம் வர, லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். 1985-ல் வாட்டர்ஸ் விலகினார். பெயர் யாருக்கு என்று வழக்கறிஞர்கள் வரைக்கும் போய், 1987 டிசம்பரில் தேம்ஸ் நதியில் கில்மோரின் படகுவீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடித்தார்கள்.

ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தோம். வேலைக்கு வந்து சென்னையில் நான்கு பேர் அறையெடுத்துத் தங்கியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சமையலோடு சமையலாக இந்தச் சண்டை நடக்கும். நான் வாட்டர்ஸ் கட்சி. எழுத்து அவருடையது, எழுத்தில்லாமல் என்ன இருக்கிறது என்பேன். நண்பன் கில்மோர் கட்சி. "அந்தக் கிட்டாரை எடுத்துட்டா உன் எழுத்தை யாருடா கேப்பான்?" என்பான். அவன் சொன்னது சரி என்று எனக்குப் படவே 1994 ஆகிவிட்டது. வாட்டர்ஸ் இல்லாத குழு அந்த ஆண்டு உலகப் பயணத்தில் டார்க் சைடை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தது. அடுத்த ஆண்டு அது பல்ஸ் என்ற பெயரில் சிடியாக வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்கு அதைக் கொண்டுவந்தார். பெட்டியின் முதுகில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு பேட்டரி. நாடித்துடிப்பு மாதிரி மின்னி மின்னி அணையும். கரண்ட் போன இரவுகளில் அலமாரியில் அது மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டினோம்.

அப்புறம் எம்பி3 வந்தது. ஒரே சிடியில் அவர்களுடைய எல்லா ஆல்பமும் அடங்கியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த ஆல்பங்களை அதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் அந்த முறையில் கோப்பாக்கும்போது ஒவ்வொரு பாட்டின் முன்னும் பின்னும் ஒரு துளி வெறுமை ஒட்டிக்கொள்ளும். தனித்தனிப் பாட்டுக்கு அது தெரியாது. ஒரு பாட்டு மூச்சு விடாமல் அடுத்த பாட்டுக்குள் போகிற ஆல்பத்தில், அது மூச்சுத் திணறல். கடைசி இரண்டு பாட்டுக்கு நடுவில், அலை எழும்பி வந்து உடையப்போகிற நேரத்தில், அரை நொடி அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு கோப்புகளையும் கணினியில் ஒன்றாக ஒட்டக் கற்றுக்கொண்டு, ஆல்பம் முழுவதையும் 43 நிமிட ஒரே கோப்பாகச் செய்துவைத்தேன். கத்தரியும் அடிக்கோலும் வைத்து அவர்கள் செய்ததுதான் அப்போது நினைவுக்கு வந்தது.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். லைவ் 8 நிகழ்ச்சியில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், தாள வாத்தியம் நிக் மேசன், நால்வரும் 24 வருடம் கழித்து ஒன்றாக நின்றார்கள். இருபத்து மூன்று, இருபத்து நாலு நிமிடம் இருக்கும். ஒரு பாட்டை அங்கே இல்லாதவர்களுக்கும், முக்கியமாக சிட்டுக்கும் என்று சொல்லிப் பாடினார் வாட்டர்ஸ். நண்பன் அதைச் சிடியில் போட்டுக்கொண்டு வந்தான், அதே கில்மோர் கட்சி நண்பன்தான். கடைசியில் நால்வரும் தோளில் கை போட்டு நிற்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் சிட் காலமானார். 2008 செப்டம்பரில் ரைட்டும் போய்ச் சேர்ந்தார். இனி அந்த நால்வரை ஒன்றாகப் பார்க்க வழியில்லை.

நடுவில் 2007 பிப்ரவரியில் வாட்டர்ஸ் மும்பைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் டார்க் சைட் முழுவதையும் வாசிக்கிறார் என்று தெரிந்ததும் ரயிலில் டிக்கெட் போட்டோம். நான் பார்த்தது பிங்க் ஃபிளாய்டில் கால் பங்கு. ஆனால் ஆல்பம் முழுசு. திறந்த மைதானத்தில் அந்த இதயத்துடிப்பு ஒலிபெருக்கியில் தொடங்கியபோது காலுக்குக் கீழே மண் துடித்தது. சுற்றிலும் பதினெட்டு வயதுப் பையன்கள் ஒரு வரி விடாமல் பாடினார்கள். பெண்குரல் அடங்கி, நடுப்பகுதி வந்தது. டிக் என்றேன், வாய்விட்டு. நண்பன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். அவன் கேசட்டும் என் கேசட்டிலிருந்து பதிவானதுதான்.

2010-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஆல்பத்தை உடைத்துப் பாட்டுப் பாட்டாக இணையத்தில் விற்கக் கூடாது, எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்று குழு தன் இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐ மீது வழக்குப் போட்டிருந்தது. தீர்ப்பு குழுவுக்குச் சாதகம். சேர்ந்து இருக்க முடியாமல் போன மனிதர்கள், தாங்கள் செய்ததை மட்டும் பிரிக்க விடவில்லை. அந்தச் செய்தியை வெட்டிக் கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்தேன். அதற்குள்ளேயே, அடுத்த ஆண்டே சமரசமாகி, பாட்டுகள் தனித்தனியாக விற்பனைக்கு வந்துவிட்டன. எனக்கு வருத்தம்தான். ஆனால் போன வருடம் என் மகள் செல்போனில் எங்கிருந்தோ வந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இது திடீர்னு நடுவுலேர்ந்து ஆரம்பிக்குதே, இதுக்கு முன்னாடி என்னப்பா வரும்?" என்று கேட்டாள். வெட்டுப்பட்ட இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள். போனை வாங்கி முதலிலிருந்து போட்டுக் கொடுத்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்துச் சோறு சாப்பிட்ட குழந்தை அவள்தான்.

இப்போது கேட்கும் செயலிகளில் ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆல்பம் முடிந்த மறுநொடி யாரோ வேறொருவர் பாட ஆரம்பித்துவிடுகிறார். கேசட்டில் 45-ல் 43 போக இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. இதயத்துடிப்பு மெல்லத் தேய்ந்து ஓய்ந்த பிறகு வெற்று நாடா உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும். விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்ட ஏழெட்டுப் பேரில் ஒருவரும் பேசமாட்டோம். கடைசியில் பட்டன் தானாக எகிறும் சத்தம் கேட்ட பிறகுதான் யாராவது அசைவார்கள்.

வானொலியில் சத்தமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை இப்போது போடப்போகிறார்கள், இரண்டே நிமிடப் பாட்டு. வாசல் காவலர் பேசுவார், துடிப்பு கேட்கும், ஓயும். அதற்குப் பிறகு அறிவிப்பு எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். இரண்டு நிமிடம் கேட்டதற்குப் பத்து வினாடி தந்திருக்கிறார்கள். வானொலிப் பெட்டியைத் திருகாமல் அந்தப் பத்து வினாடியும் கூடவே இருங்கள். வணக்கம்.